மாஃபி

மஹ்பூலாவில் கடலுக்கு மூன்றாவது தெரு.
வியாழன் இரவு ஒன்பதுக்கு மேல்
வெயில் போயும் சூடு போகாத மொட்டை மாடியில்
ஏசிப் பெட்டிகளுக்கு நடுவே பாய் விரிக்கிறோம்.
நான்கு வீடு, நான்கு பிள்ளைகள்.
சத்தம் நிறைய. பேச்சு இல்லை.

என் மகன் பெயர் அகரன்.
முதலெழுத்தையே பெயராக வைத்துவிட்டோம் என்று
அப்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்.
இப்போது இரண்டு வயது எட்டு மாதம்.
தாகமெடுத்தால் என் விரலைப் பிடித்து
ஃபிரிட்ஜ் வரை இழுத்துப் போய்
கைப்பிடியில் வைப்பான்.
கயலுக்கு ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி.
அதனால் பாயைச் சுருட்டி எடுத்து வருவது நான்.

பயிற்சி மையத்தில் அரை மணிக்குப் பதினெட்டு தினார்.
ரிஸ்வானா மட்டும் போய்வருவாள்,
வந்து எல்லோருக்கும் சொல்வாள்:
"இது என்னன்னு கேக்காதீங்க. நீங்களே பேர் சொல்லுங்க.
சொல்லிட்டுப் பத்து வரைக்கும் மனசுல எண்ணுங்க.
அதுவரைக்கும் வாயே திறக்கக் கூடாது."
சுடலைமுத்துவால் நான்கைத் தாண்ட முடிவதில்லை.
சைட்டில் நாள் முழுக்க
ஹெல்மெட், ஹெல்மெட் என்று கத்துகிற மனிதர்.
"அஞ்சு வர்றதுக்குள்ள நெஞ்சடைக்குதுங்க."

ஒரே மொழியில் பேசுங்கள் என்றார் ஒரு டாக்டர்.
எந்த மொழி?
வீட்டில் தமிழ், லிஃப்டில் மலையாளம்,
பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குச் சிங்களம்,
நர்சரியில் இங்கிலீஷ்,
வாசலில் எகிப்துக்கார ஹாரிஸின் அரபி.
அப்படியெல்லாம் இல்லை, எல்லாமே பேசலாம் என்றார் இன்னொருவர்.
இரண்டு பேருக்கும் ஃபீஸ் கட்டினோம்.

ஊரிலிருந்து போன்.
"பேசுறானா?"
"இப்பதான் தூங்கினான்."
இந்தப் பொய்யை நாங்கள்
ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டோம்.
பாயில் அது தேவைப்படாது. அதற்காகத்தான் பாய்.

மூன்று வாரமாகப் பெனடிக்டா வரவில்லை.
தலைவலி என்றாள். பிறகு விருந்தாளி.
மூன்றாவது வாரம் காரணமே சொல்லவில்லை.

நேற்று லிஃப்டில் பார்த்தேன்,
மகள் ஜோவிட்டா அவள் இடுப்பில்.
நான்காம் மாடியில் கதவு திறந்தது. யாரும் இல்லை.
காலி நடையைப் பார்த்து
குழந்தை இரு கையையும் விரித்துச் சொன்னது:
"மாஃபி."

பெனடிக்டா சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள்,
பையிலிருந்து திருட்டுச் சாமான் விழுந்துவிட்டதைப் போல.
"ஹாரிஸ்கிட்ட புடிச்சிருக்கா அண்ணா.
இப்ப ஏழு வார்த்தை.
உங்க முகத்தையெல்லாம் பார்த்துக்கிட்டு
நான் எப்படி..."

பொறாமை வரவில்லை என்று எழுதினால் பொய்.
வந்தது.
பேரீச்சங்கொட்டை மாதிரி தொண்டையில் நின்றது,
ஏழாம் மாடி வரை.
என் மாடியில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு
"இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்மா" என்றேன்.
கேட்டால் சொல்லாது. எங்களுக்குத் தெரியாததா?
சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினேன்.
இருவரும் எண்ணினோம், உதடு அசையாமல்.
கதவு என் காலை இடித்து இடித்துத் திறந்தது.
எட்டில் வந்தது.
"மாஃபி."

தயிர் தீர்ந்தால் பக்காலாக்காரர் சொல்வது.
சம்பளம் தள்ளிப்போனால் முதீர் சொல்வது.
பத்து வருடமாய் எனக்குப் பிடிக்காத
இல்லை.

இன்று பெனடிக்டா வந்தாள்,
ஏழு சொற்களோடும் ஒரு டப்பா சுண்டலோடும்.
ரிஸ்வானா கொஞ்சம் அழுதாள். பிறகு
எது எப்போது எப்படி வந்தது என்று
சமையல் குறிப்பு மாதிரி எழுதிக்கொண்டாள்.
சுடலைமுத்து ஒன்பது வரை போனார்.

அகரன் காலி பாட்டிலை என்னிடம் நீட்டுகிறான்.
"தண்ணி" என்கிறேன். "தண்ணி இல்ல."
வாயை மூடிக்கொள்கிறேன்.
ஒன்று. இரண்டு.
தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து போகிறது.
எப்போதும் ஓடிப்போய்ப் பார்ப்பவன்
இன்று என் வாயையே பார்க்கிறான்.
பதினாலு.
பதினைந்து.