ரீடிங் எடுத்தவன்

கானாடுகாத்தான் செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம்
மீட்டர் ரீடிங் எடுத்தேன்.
பாதி வீடுகளுக்குக் கணக்கு ஒன்றுதான்:
'கதவு பூட்டு.'
மீதியில் வாட்ச்மேனின் ஒற்றை பல்பு,
இரண்டு மாதத்துக்கு நாலு யூனிட்.

அந்தப் புத்தகம் காரைக்குடியில் கிடைத்தது.
பழைய சாமான் கடையில், பீங்கான் ஜாடிக்கு
முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
அட்டை இல்லை. முதல் பதினாறு பக்கம் இல்லை.
பினாங்கு கான்வென்ட் ஒன்றின் ஊதா முத்திரை மட்டும்.
மூன்று ரூபாய் என்றார் கடைக்காரர்,
ஜாடி சாய்ந்துவிடுமே என்றும் சொன்னார்.
வெளியே போய் ஒரு செங்கல் பொறுக்கி வந்து கொடுத்தேன்.

அயர்லாந்துக் கவிதைகள். எல்லாம் நம் காலத்துக்காரர்கள்.
என் இங்கிலீஷ் பாக்கி நோட்டீஸ் எழுதக் காணும்,
அவ்வளவுதான். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு
நாளுக்கு நாலு வரி.

டர்ஃப் என்றால் புல்தரை என்றது டிக்‌ஷனரி.
பன்னிரண்டு வருஷம் அந்த ஊர்க்காரர்கள்
என் தலைக்குள் புல்தரையை வெட்டியெடுத்து
கணப்பில் வைத்து எரித்தார்கள்.
பச்சைப் புகை. யாரும் இருமவில்லை.
புல்லில்லை, பாசி மக்கி இறுகிய
சேற்றுக்கட்டி அது, காயவைத்து எரிப்பார்கள் என்று
நூலகத்துக் கலைக்களஞ்சியம் திருத்தியபோது
கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

மழைதான் கஷ்டம்.
ஐந்தாறு பக்கத்துக்கு ஒரு தரம் பெய்துவிடும்.
நான் படித்த எண்பத்திரண்டில்
ஊருணியில் கடைசிப் படி தெரிந்தது,
படிக்குக் கீழே களிமண் தெரிந்தது,
களிமண்ணில் யாரோ தொலைத்த சைக்கிள் தெரிந்தது.
பஞ்சவர்ணம் தண்ணீர் லாரிக்கு நின்றுவிட்டு வந்து
"என்ன எழுதியிருக்கு?" என்பாள்.
மழை என்பேன்.
"நேத்தும் அதேதானே?"
இல்லை, நேற்றையது கோபத்தில் பெய்தது,
இது வெட்கப்பட்டுப் பெய்கிறது.
குடத்தை இறக்கினாள். பாதிதான் இருந்தது.
"அந்தப் பக்கத்தைக் கொஞ்சம்
இந்தப் பக்கம் திருப்பிப் பிடிங்க."

குண்டு வெடித்த தெருக்களும் அதில் உண்டு.
சோதனைச் சாவடி வரும் கவிதைக்கு
டிக்‌ஷனரி தேவைப்படவில்லை.
அடுத்த வருஷம், தேவகோட்டை பஸ்ஸில்
பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர்
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்,
அடையாள அட்டை இருக்கிறதா என்று.
கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது
அதைத்தான் எடுத்து நீட்டினார்.

ரிட்டயர்டாகி ஆறாம் வருஷம்,
ஹோட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டிலிருந்து
மேனேஜர் அடைக்கலம் போன் செய்தான்:
"சார், உங்க ஊர்க்காரங்க வந்திருக்காங்க."

புருஷன் பெண்டாட்டி. அவர் பல் டாக்டர்.
இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்த பெயர்களை
ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.
இரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்,
ஒரு பெயரும் பிடிபடாமல்.
புத்தகத்தைத் திறந்து ஓர் ஊரைத் தொட்டுக் காட்டினேன்.
டுன் லாவோகேர்.
அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை.
"டன் லீரி."
மற்ற எழுத்தெல்லாம்?
"அங்கேதான் இருக்கின்றன. பேசுவதில்லை."
பல் டாக்டர் தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்,
பரீட்சைக்குப் படித்ததோடு சரியாம்.

நடந்தே திரும்பினேன், பழைய ரூட்டில்.
சர்வீஸ் நம்பரெல்லாம் இன்னும் மனப்பாடம்.
எண்பது ஜன்னல், ஒரு பல்பு.
அடுத்ததில் நூற்றுப்பத்து ஜன்னல். பல்பும் இல்லை.
பேசாத எழுத்தா எனக்குப் புதிது?

ராத்திரி பஞ்சவர்ணத்திடம் சொன்னேன்,
நான் சொன்ன பெயரெல்லாம் தப்பாம்.
வெண்டைக்காய் நறுக்கும் கை நிற்கவில்லை.
"யாருக்குத் தப்பு?"

நாற்பத்து மூன்றாம் பக்கம்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
சத்தமாக, ஓர் எழுத்தையும் விடாமல்,
டுன் லாவோகேர் என்று படித்தேன்,
தொண்டையில் இடறும் அந்தக் 'கே'யையும் சேர்த்து.