மஸ்தானம்மாவின் பெயரில்

ஆரம்பாக்கம் செக்போஸ்ட் தாண்டினால்
பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறிவிடும்.
நாங்கள் அதற்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இப்பால்,
லாரிகள் வரிசையில் நின்று இளைப்பாறும் இடத்துக்குப் பின்னால்.
நூற்றுப் பதினெட்டு வீடு, பத்தடிக்குப் பத்தடி.
அத்தனைக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்.
தற்காலிகம் என்று சொல்லித்தான் அதையும் நட்டார்கள்,
முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் இரவில்
எங்கள் சுவர்கள் ஒரு கணம் ஆரஞ்சு நிறமாகும்.
கரண்ட் போன இரவென்றால்
அதற்குள் தீப்பெட்டியைத் தேடிக்கொள்ளலாம்.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ.
அம்மாவுக்கு 'லைற்', எனக்கு வாசல் தாண்டினால் 'லைட்டு'.
வேலை கேட்ட இடங்களில்
பெயர் எழுதினார்கள், மார்க் எழுதினார்கள்,
குடியுரிமை என்ற கட்டம் வந்ததும்
பேனாவை மூடிவிட்டார்கள்.
மிக்ஸி பழுது பார்க்கிறேன். ஒன்றுக்கு அறுபது ரூபாய்.

சோலார் வந்தது தொண்டு நிறுவன வண்டியில்:
எட்டுப் பலகை, நாலு பேட்டரி,
ஒரு படிவம்.
இடத்தின் பட்டா எண்? உரிமையாளர் கையெழுத்து?
கூரை அரசாங்கத்தினது,
கூரைக்குக் கீழே இருக்கும் நாங்கள் பதிவேட்டினர்.
வண்டியோடு வந்த பையன்
தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் மஸ்தானம்மா.
மூன்று சென்ட், மச்சு வீடு, இரண்டு பசு.
குழாயடியில் எட்டு வருஷம்
குடத்தோடு குடம் இடித்த பழக்கம்.
"மீக்கு மட்டும் எல்லாம் சும்மா வருதே" என்று
ஒருநாள் சொன்னாள்.
நானும் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அவள்தான் படிவத்தைப் பிடுங்கினாள்.
"மா மித்தெ மீத பெட்டு.
பகல்ல என் மோட்டாருக்கு.
பொழுது சாஞ்சா உங்களுக்கு."
உரிமையாளர்: மஸ்தானம்மா, பெருவிரல் ரேகை.
பராமரிப்பு: தர்மினி.
வேலிக்கு மேலாக, இரண்டு சவுக்குக் கம்பில்
வயர் கால்வாயைக் கடந்தது.
உளவுப்பிரிவுக்காரர் வந்து நீளம் கேட்டார்,
யாருடைய அனுமதி என்று கேட்டார்.
வயருக்கு அடையாள அட்டை கேட்கவில்லை,
அந்த மட்டில் லாபம்.

டிசம்பர்ப் புயலில் ஐந்து நாள் லைன் இல்லை.
மேகம் விலகவே இல்லை, பேட்டரி முப்பத்தெட்டு சதவீதம்.
சுகிர்தனின் மகளுக்கு இழுப்பு,
நெபுலைசர் இரண்டு மணிக்கொருமுறை.
மஸ்தானம்மாவின் கொட்டிலில் முழங்கால் தண்ணீர்,
மோட்டார் ஓடினால் ஒரு மணியில் வடியும்.
ஓடினால், இரவுக்கு எதுவும் மிஞ்சாது.
பகல்தான். ஒப்பந்தப்படி அவளுடைய நேரம்.

கால்வாயில் இடுப்பளவு நனைந்து வந்தாள்.
தமிழ் படிக்கத் தெரியாது, எண் தெரியும்.
முப்பத்தெட்டைப் பார்த்தாள்.
குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.
என்னைத் திட்டினாள், தெலுங்கில், நீளமாக;
எனக்குப் பாதிதான் புரிந்தது, அதுவே போதும்.
திரும்பிப் போய்
மோட்டார் ஃபியூஸைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு
பசு இரண்டையும் ஓட்டி வந்தாள்,
பாலம் வழியாக, முகாம் வாசல் வழியாக.
காவலுக்கு இருந்தவர் விசில் ஊத மறந்தார்.

நாலு நாள் பொது மண்டபத்தில் சாண நாற்றம்.
சிலர் முணுமுணுத்தார்கள், பால் வந்ததும் நிறுத்தினார்கள்.
ஐந்தாம் நாள் தலைக்கணக்கு எடுக்க வருவாய் ஆய்வாளர்.
வரிசையில் நின்றோம், எங்களோடு அவையும்.
"இது யாருடையது?"
யாரும் வாய் திறக்கவில்லை.
செவலைப் பசு அவருடைய பதிவேட்டை
முகர்ந்து பார்த்தது,
ஓரத்தைக் கொஞ்சம் தின்றது.

ஃபியூஸ் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.
வெயில் வந்துவிட்டது,
நான் போய்க் கேட்க வேண்டும்.
முதலில் அந்த எட்டு வருஷத்து வார்த்தைக்கு
என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு
பலகைகளைத் துடைக்கிறேன்.