கையிருப்பு முந்நூற்று நாற்பது

இந்தக் குழுவின் கணக்கை எழுதியவன் நான்.
பேஸ் கிட்டார் வாசித்ததும் நான்தான்,
அது பலருக்குக் கேட்டதில்லை.

புறக்கோட்டை, மூன்றாம் குறுக்குத் தெரு.
ஹாஜியாரின் துணிக்கடைக்கு மேல் களஞ்சியம்.
கிழமை நாட்களில் அங்கே நான் மூட்டை எண்ணுவேன்.
ஞாயிறு திறப்பு என்னிடம் இருக்கும்.
நுகேகொடையிலிருந்து சுரங்க
கிட்டாரை மடியில் கிடத்தி பஸ்ஸில் வருவான்.
கொம்பனித்தெரு ரஸ்மிக்கு இரண்டு ஓட்டோ வேண்டும்,
ஒன்றில் ட்ரம்ஸ், மற்றதில் அவன்.
லொரேன் தெஹிவளையில் ரயிலேறி,
எப்போதும் பிந்தி,
எப்போதும் மீன் பற்றீஸ் பொதியோடு.

கூரை வரை வொயில், பொப்லின், பாடசாலை வெள்ளை.
துணி சத்தத்தைக் குடிக்கும் என்று
யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.
மூன்று வருடமாக நாங்கள்
மெல்லிசைக் குழு என்றே நம்பியிருந்தோம்.

முதல் மேடை ஒரு பாடசாலை மண்டபம்.
முதல் அடியையே சுவர்கள் முழுசாகத் திருப்பித் தந்தன.
தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல
லொரேன் திடுக்கிட்டு ரஸ்மியைப் பார்த்தாள்.
பின்வரிசைப் பெடியள் கதிரைகளில் ஏறினார்கள்.
குழுவின் பெயர் என்ன என்று அறிவிப்பாளர் கேட்க
ரஸ்மி எங்கள் தெருப் பலகையைச் சொன்னான்:
தேர்ட் குறோஸ்.
வரவு: இல்லை.
செலவு: கதிரை இரண்டு.

ஒரு பாட்டு வானொலிக்குப் போனது.
மெட்டும் சிங்கள வரிகளும் சுரங்கவுடையவை,
நடுவில் ஒரு தமிழ்ச் சரணம்,
பொப்லின் பில்லின் பின்பக்கத்தில் நான் எழுதியது.
சிங்கள அலைவரிசை
நேரம் போதாதென்று சரணத்தை வெட்டியது.
தமிழ் அலைவரிசை
சரணத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டியது.
நாற்பது வினாடி நான் நட்சத்திரம்.
முழுப்பாட்டையும் கேட்டவர்கள்
கலியாண வீட்டுக்காரர் மட்டும்தான்,
அதுவும் பைலா கேட்டுக் கத்தியபடி.

வத்தளையில் ஒரு கலியாணம் முடிந்து
இரவு இரண்டு மணி, சோதனைச் சாவடி.
பெட்டியைத் திற என்றான் சிப்பாய்.
திறந்தால், வாசி என்றான்.
சுரங்க வாசித்தான்.
சிப்பாய் தலையாட்டிக்கொண்டே
என் அடையாள அட்டையை மட்டும்
இரண்டாம் தரமும் வாங்கிப் பார்த்தான்.
வான்காரன் காத்திருந்ததற்குக் கூடுதலாக எழுபத்தைந்து.
எழுதியிருக்கிறேன்.

லொரேன் மெல்பேர்ன் போனாள்.
வழியனுப்ப வாங்கிய கேக்,
எழுதவில்லை.

பிறகு வந்த பாடகிகள் இருவர்;
ஒருத்தி நன்றாகப் பாடினாள், மற்றவள் நேரத்துக்கு வந்தாள்.
காலிமுகப் பக்கம் ஒரு ஹோட்டல்
வெள்ளிக்கிழமைகளுக்கு எங்களைக் கேட்டது.
மூன்று பேர் போதும் என்றார் முகாமையாளர்,
தாளத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறதாம்.
ரஸ்மி அந்தப் பெட்டியை
ஒரு கையால் தூக்கிப் பார்த்தான்.
"பாரமே இல்லையே."
அவ்வளவுதான் சொன்னான்.
அடுத்த வெள்ளி நாங்கள் யாருமே போகவில்லை.

இந்த வருடம் ஹாஜியாரின் மகன் கட்டடத்தை விற்றார்.
கைபேசி உறை விற்கும் கடை வரப்போகிறது.
மூட்டைகள் போய்விட்டன.
கடைசி ஞாயிறு திறப்பு இன்னும் என்னிடம்.

வெறும் அறை. இருமினால் இருமுகிறது.
வெற்று ராக்கையில் கைபேசியைச் சாய்த்து வைத்தோம்.
அதற்குள் லொரேன், நரைமுடியோடு,
அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம்.
அவள் குரல் ஒரு நொடி தாமதித்து வந்தது.
சுரங்க தடுமாறினான், எனக்குச் சிரிப்பு வந்தது.
ரஸ்மி மட்டும்
ஒவ்வொரு அடியிலும் அந்த ஒரு நொடியை விட்டுக் காத்திருந்தான்,
இருபத்தாறு வருடப் பழக்கம்.

சரணத்துக்கு வருகிறபோது கதவு தட்டப்பட்டது.
பக்கத்துக் கட்டடக் காவலாளி.
ரசிகனாக்கும் என்று நினைத்தோம்.
நிறுத்தச் சொல்லித்தான் வந்திருந்தான்.

கணக்குப் புத்தகத்தின் நடுவிலிருந்து
முந்நூற்று நாற்பது ரூபாவையும் எடுத்து
அவன் கையில் வைத்தேன்.
செலவு: நான்கு நிமிடம்,
சரணத்தோடு.