பதினொரு மணி வெயில்

ரெண்டு பெட்டிதான் என்று சொல்லிவிட்டான் மகன்.
ஓசூரில் மூன்றாம் மாடி, பரண் கிடையாது.
"மத்ததெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பிட்டு
தூக்கிப் போடுங்கப்பா."
மாதக் கடைசியில் குவார்ட்டர்ஸ் சாவியை
எஸ்டேட் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

அருவங்காட்டில் ஆடி மாதத்து வெயிலை
யாரும் நம்புவதில்லை.
ஒன்பது நாள் மழைக்குப் பிறகு
பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்தது.
ஜெபசீலி ஓடினாள்.
பீரோவின் மேல்தட்டை, கட்டிலின் அடிவயிற்றை,
முப்பது வருஷத்தை அள்ளி
முற்றத்தில் போட்டோம், கோரைப்பாய் மேல்.

இங்கே எந்தப் பொருளுக்கும் ரெண்டு சொந்தக்காரர்கள்:
நாம், பூசணம்.
கல்யாண ஆல்பத்தில் என் முகத்தில் மட்டும் பூத்து
அன்றைக்கே நரைத்த தாடியோடு நிற்கிறேன்.
இம்மானுவேலின் முதல் ஸ்வெட்டர்,
ஒரு கை நீளம், அவள் பின்னியது.
தீப்பெட்டிக்குள் மூன்று பால் பல்.
செத்துப்போன ரேடியோவின் உயிருள்ள குமிழ்.
இருபத்தைந்து வருஷச் சேவைக்கு
ஃபாக்டரி கொடுத்த மேசைக் கடிகாரம்;
ஒரு நாளும் ஓடியதில்லை.

வேண்டாம் என்று நான் ஒதுக்குவதை
ஒரு பேச்சும் பேசாமல்
பாயின் மறு ஓரத்துக்கு நகர்த்துவாள்.
அவள் கழித்ததை நான்.
ஒரு மணி நேரத்தில் எல்லாம் இடம் மாறியிருந்தன.
எதுவும் குறையவில்லை.

அப்போதுதான் வந்தது,
கேரட் பாத்தியைத் தாண்டி
வேலியை வேலி என்றே எண்ணாமல்
வெள்ளைக் காலுறை போட்ட காட்டெருமை.

உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டோம்.
ஜன்னல் கண்ணாடியில் ரெண்டு பேர் மூச்சும்
தனித்தனி வட்டமாய்ப் படிந்தது.
அது பாயை முகர்ந்தது.
ஸ்வெட்டரின் நீளக் கையை நக்கிப் பார்த்தது.
ஆல்பத்துக்கு மேல் ஒரு குளம்பைத் தூக்கி
யோசித்து
பக்கத்தில் வைத்தது.

"ஆல்பம் போச்சு" என்றேன்.
"போகட்டும். அந்த டப்பா, நீல டப்பா…
கர்த்தாவே, அதை மட்டும் மிதிக்காம இருக்கணும்."

எந்த டப்பா?
ஊசியும் நூலும் என்று நினைத்து
நான் ஒரு நாளும் திறக்காத பிஸ்கட் டப்பா.

குன்னூர்ப் பக்கமிருந்து மஞ்சு இறங்கியது.
முதலில் வேலி காணோம். அப்புறம் பாய்.
கடைசியாகக் காட்டெருமையும் கரைந்தது.
கொம்பு நுனி ரெண்டும் கொஞ்ச நேரம்
உடம்பில்லாமல் நின்றன.
சங்கு ஊதினார்கள்.
பயந்தோ சலித்தோ, போய்விட்டிருந்தது.

சேதம்: கடிகாரம் ஒன்று.
சிரித்தோம். நான் கொஞ்சம் கூடவே.

இரவு அடுப்போரம் டப்பாவைத் திறந்தாள்.
பஸ் டிக்கெட்டுகள்.
ஈரத்தில் ஒட்டி, வெளிறிய ஒரே கட்டி.
பின்னல் ஊசி நுனியால்
ஒவ்வொன்றாகப் பிரித்துச் சூட்டில் காட்டினாள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில் ஒற்றை எழுத்து:
போ. வா. போ. வா.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில்
என் முதுகெலும்பில் கம்பி வைத்த மழைக்காலம்.
ஆறு வயதுப் பையனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு
விடியலில் இறங்கி
இருட்டில் ஏறியிருக்கிறாள்.
எனக்கு அந்த நாட்களில் ஞாபகமிருப்பது
ரசத்தில் உப்பில்லை என்று
தூக்குவாளியைத் தள்ளிவிட்டது மட்டும்.

எண்ணச் சொன்னாள்.
போ, இருபத்து மூன்று.
வா, இருபத்திரண்டு.
இன்னொரு தரம் எண்ணினேன்.
"ஒண்ணு குறையுதே சீலி,
பூசணம் தின்னிருக்குமோ?"

ஊசியை முந்தானையில் துடைத்தபடி சொன்னாள்:
"கடைசி நாள் டாக்சி.
நீங்களும் கூட வந்தீங்க."