இதர

தூன் நகரத்துப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
டாங்கிகள், விமானங்கள், போர்க்கப்பல்கள்.

படிவத்தில் 'கப்பல்' என்று எழுதியிருந்தேன்.
அதை அடித்து 'இதர' என்று எழுதினார்
ஃபிராவ் எஷ்லிமான்.
"காகிதம்தானே" என்றார், அன்பாகத்தான்.

இதர மேசையில்
ஒரு டைனோசர், இரண்டு ரோபோக்கள்,
யாரோ சோப்பில் செதுக்கிய தேவாலயம்,
அப்புறம் என் துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல்.
நூற்றைம்பதில் ஒரு பங்கு அளவு.
கைப்பிடிக் கம்பிக்கு மட்டும் நாலு வாரம்,
பதினேழு பிளேடு,
ஒரு விரல் நுனி.

எந்தக் கம்பெனிப் பெட்டி என்று கேட்டார் ஒருவர்.
பெட்டி இல்லை, எட்டுத் தாள் என்றேன்.
நகர்ந்துவிட்டார்.

வெளியே ஏரியில் மழை.
யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம்
என் மேல்தளம் ஈரத்தில் மூச்சு வாங்கியது,
மயிரிழை உயர்ந்து, தாழ்ந்து.
பிளாஸ்டிக்குக்கு இந்தக் கவலை கிடையாது.

நாலரை மணிக்கு நடுவர் சூர்ப்ரூக் வந்தார்,
சட்டைப்பையில் பேனா டார்ச்.
டாங்கிக்குக் குனிந்த அதே குனிவு.
புகைபோக்கி, மாலுமி அறை,
துடுப்புப் பலகை ஒவ்வொன்றாக.
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நானும்.
பின்பக்கம், மூன்றாம் சன்னலில்
வெளிச்சம் நின்றது.

வெட்டிய விளிம்பு வெள்ளையாகவே இருந்தது.
நான் பழுப்பு தொட மறந்த
அரை மில்லிமீட்டர்.

ஒரு மதிப்பெண் கழித்தார்.

பரிசு சோப்புத் தேவாலயத்துக்குப் போனது.
ரயிலில், மடியில் கப்பலோடு,
அவர் எழுதித் தந்த தாளைத்
திரும்பத் திரும்பப் படித்தேன்:
'சன்னல் 3, இடது விளிம்பு.'

பழுப்பு வண்ணக் குப்பி வீட்டில் இருக்கிறது.
திறப்பதாக இல்லை.