பத்துக் கட்டங்கள்

டெல்லியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது.
மலேரியாவை நாட்டைவிட்டே ஒழிக்க
இன்னும் எவற்றை ஆராய வேண்டும்?
முன்னுரிமைப்படி எழுதுக.
பத்துக் கட்டம். கட்டத்துக்கு ஒன்றரை வரி.

பெயர்: ஏகாம்பரி.
பதவி: ஆய்வக நுட்புநர், தண்டையார்பேட்டை.
இதுவரை சுலபம்.

ஒன்று என்று போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தேன்.
எதிர் மொட்டைமாடியில் ஜோதிராமன்
தொட்டிக்குள் டார்ச் அடிக்கிறார்.
கீழேயிருந்து ஒரு குரல் படியேறி வருகிறது:
"தண்ணி லாரி எப்ப வரும்னு நீ கரெக்டா சொல்லிடு சார்,
நான் கரெக்டா மூடி வெக்கிறேன்."
இந்தக் கொசு சாக்கடையைச் சீந்தாது.
குடத்தோடு ஓடி, சண்டை போட்டு
பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் பிறக்கும்.
இதை எந்தத் துறையில் சேர்ப்பது?

லக்கிந்தர் முண்டா, வயது இருபத்திரண்டு,
எண்ணூர்ப் பக்கம் கட்டட வேலை.
மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.
நான்காம் நாள் சாரம் ஏறிவிட்டான்.
பதினாலு நாள் மாத்திரையில் பத்து நாள்
தகரக் கொட்டகையில், சீப்புக்குப் பக்கத்தில், அப்படியே.
ஈரலில் உறங்குவது கண்விழிக்க
ஆறு வாரமோ, ஆறு மாதமோ.
அப்போது அவன் எந்த ஊர்ச் சாரத்தில் நிற்பான்?
ஒரே வேளையில் முடிக்கும் மருந்து உண்டாம்.
அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ரத்தச் சோதனை
எங்கள் அறைவரை வரவில்லை.
இதை இரண்டில் எழுதினேன்.
அடித்துவிட்டு ஒன்றில் எழுதினேன்.

காசிமேட்டில் சகாயராணி
விடியுமுன் வஞ்சிரத்தை ஏலம் கூவுகிறாள்.
காய்ச்சல் இல்லாதவள் விரலில்
உனக்கு எதுக்கும்மா ஊசி என்கிறாள்.
பதில் சொல்லத் தெரியாமல்
கால் கிலோ நெத்திலி வாங்கி வந்தேன்.
அது மூன்று.

நாற்பத்தேழு நாளாக ஸ்லைடில் ஒன்றுமில்லை.
பூஜ்யம் என்று மேலே அனுப்புகிறேன்.
பாராட்டி பதில் வருகிறது.
இல்லாததால் பூஜ்யமா,
என் கண்ணுக்குத் தப்பியதால் பூஜ்யமா
என்று யாரும் கேட்கவில்லை.

இழுப்பறையில் லக்கிந்தரின் ஸ்லைடு இருக்கிறது.
மறு ஆய்வுக்குப் போய்த் திரும்பியது.
வெள்ளிக்கிழமை மதியம், கூட்டம் கலைந்ததும்,
ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்ப்பேன்.
ஊதிய சிவப்பணு, உள்ளே மோதிரம்,
மோதிரத்தில் ஒற்றைக் கல்.
மிண்ட் தெருவில் அடகு வைத்துவிட்டு
மீட்க வராமல் போனவனுடையதைப் போல.
சாயம் வெளுத்துக்கொண்டே வருகிறது.

மற்ற கட்டங்களைத் தாண்டிப்
பத்தாவதில் எழுதினேன்:
நோய் போன பிறகு
அதை அடையாளம் தெரிந்த கண்ணை
எப்படி வைத்துக் காப்பது?

ஒன்றரை வரிக்குள் அடங்கவில்லை.
ஓரமாகத் திருப்பி மேலே ஏற்றினேன்.
கடைசிச் சொல்
முத்திரை குத்தும் இடத்தில் போய் நிற்கிறது.