ஒன்பதாம் நம்பர் லயத்துக்கு வந்த கடிதம்

சாமி,
போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில்
நான் சொன்னது முழுப் பாவம் இல்லை.

வாசிக்கத் தெரியாமல் வைத்துவிட்டேன் என்றேன்.
பலகைத் துளைகளுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமினீர்கள்.
அறிவு இல்லாத இடத்தில் குற்றம் இல்லை.
மூன்று அருள்நிறை மரியே சொல். எழுந்து போ, சூசைமுத்து.

மூன்று.
மண்ணுக்குள் போனது ஏழு பேர்.

பிரட்டுக்களத்தில் கையெழுத்து வைத்து வாங்கினேன்.
தலைப்பில் அரசாங்கச் சிங்கம், அடியில் ஊதா முத்திரை,
நடுவே தவளை முட்டை மாதிரி
வட்ட வட்டமாய்ச் சிங்களம்.
பேசுவேன், சாமி. பூண்டுலோயா கடைவீதியில்
விலை பேசுவேன், சண்டையும் போடுவேன்.
வாசிக்க மட்டும் வராது.

வராது என்று லயத்தில் ஒருவருக்கும் தெரியாது.
சங்கத் தலைவர் நான். எந்தத் தாள் வந்தாலும்
பார்த்துத் தலையாட்டிவிட்டு
டவுனில் மருந்துக்கடைக்காரனிடம் கேட்டுக்கொள்வேன்.
அந்த வாரம் மழை. பஸ் ஓடவில்லை.

பக்கத்துக் காம்பராவில் பவளக்கொடியின் மகள் தனுஷியா,
பத்தாம் ஆண்டு, சிங்களத்துக்கு எண்பத்தாறு புள்ளி.
ராத்திரியில் சத்தம் போட்டு வாசிப்பாள்.
சுவரைத் தட்டியிருந்தால் போதும்.
தலைவர் போய் ஒரு சின்னப் பிள்ளையிடம்
கடிதத்தை நீட்டுவதா?
திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகினேன்.

பதினொரு நாள்.
பிறகு மேற்கணக்கு மலை
விடிய இரண்டரைக்கு இறங்கி வந்தது.
என் காம்பரா நின்றது. சுவர் நின்றது.
சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை.

தெரியாமை எனக்கு விதித்ததில்லை, சாமி.
கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை மாதிரி
நானே தேய்த்து உடுத்திக்கொண்டது.
அறியாமல் செய்கிறார்கள் என்று
சிலுவையில் அவர் சொன்ன வார்த்தைக்குள்
எனக்கும் ஓர் ஓரம் இருக்குமா என்று பார்த்தேன்.
ஆணி அடித்தவனுக்கு இருக்கலாம்.
தலைக்கு மேல் மூன்று மொழியில் எழுதியிருந்ததை
வாசிக்கத் தெரிந்தவன் போல
நிமிர்ந்து நின்றவனுக்கு?

சேற்றிலிருந்து அவளுடைய கொப்பி ஒன்று கிடைத்தது.
முகாமில் அதை வைத்துத்தான் எழுத்துக் கூட்டுகிறேன்,
ஐம்பத்திரண்டு வயதில்.
நேற்று கடிதத்தை எடுத்தேன்.
தடித்த எழுத்தில் முதல் வார்த்தை:
அ. வ. தா. ன. ம.
அவதானம.
பாடசாலை வளைவுப் பலகையில்
நம் எழுத்திலும் இருக்கிறதே, அதே சத்தம்.
ஒரு புள்ளிதான் குறைச்சல்.

எத்தனை தரம் என்று கேட்பீர்கள்.
பதினொரு ராத்திரி, சாமி.
அவள் வாசித்த பக்கத்துக்கு ஒரு தரம்.
அவள் நிறைய வாசிப்பாள்.